சங்கத்தின் பதிவேடு யார் கையில்? கூட்டுப்பணித் தளங்கள் தருவதும் தராததும்

மலேசியாவில் ஆலய நிர்வாகக் குழுக்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், சிறு வணிகங்கள் எனப் பல அமைப்புகளின் அன்றாட வேலை இன்று புலனக் குழுக்களில்தான் நடக்கிறது. கூட்ட அறிவிப்பு, வரவு செலவு, ரசீதின் படம், உறுப்பினரின் அடையாள அட்டைப் படம் எல்லாம் அங்கேயே வந்து அங்கேயே புதைந்து போகின்றன. செயலாளர் கைப்பேசியை மாற்றினாலோ பதவியிலிருந்து விலகினாலோ, அந்த அமைப்பின் பல ஆண்டு ஆவணங்களும் அவரோடு போய்விடுகின்றன.

இதுவரை இது அந்தந்த அமைப்பின் உள்விவகாரமாக இருந்தது. இனி அப்படி இருக்க முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2025 ஜனவரி தொடங்கி மூன்று கட்டங்களாக நடைமுறைக்கு வந்து, ஜூன் 1ஆம் தேதி முழுமை பெற்றன. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களில் 2024 ஆகஸ்டில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய வணிகங்களை நோக்கி இறங்கியது. செம்பனைத் தோட்டங்களிலோ, குலை எந்த நிலத்தில் விளைந்தது என்பதை வரைபடப் புள்ளியோடு காட்டச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வாசலில் நிற்கிறது. மூன்றும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பதிவு எங்கே இருக்கிறது, அது யார் பொறுப்பில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை என்று சொல்லி விற்கப்படுபவைதான் கூட்டுப்பணித் தளங்களும் தரவு மேலாண்மைத் தளங்களும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் ஒர்க்ஸ்பேஸ், ஸ்லாக், ஸோகோ, ஏர்டேபிள், நோஷன் எனப் பெயர்கள் பல. இவற்றால் உண்மையில் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணமும் வீண், பழைய குழப்பமும் அப்படியே இருக்கும்.

அரட்டைக்கும் பணித்தளத்துக்கும் உள்ள வேறுபாடு

ஸ்லாக் தளத்தின் பிறப்பே ஒரு நல்ல பாடம். கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு குழு, வெவ்வேறு ஊர்களில் இருந்த தன் ஊழியர்கள் பேசிக்கொள்ள ஒரு கருவியைச் செய்துகொண்டது. விளையாட்டு தோற்றது. கருவி நிலைத்தது. 2013இல் அது ஸ்லாக் என வெளிவந்தது. பேசியவை அனைத்தும் தேடி எடுக்கக்கூடிய பதிவாக நிற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மைக்ரோசாஃப்ட் 2017இல் டீம்ஸைக் கொண்டுவந்தது. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் இவை பழகிப் போயின.

புலனத்தால் ஒரு குழுவில் 1,024 பேர் வரை பேச முடியும். ஆனால் அது உரையாடலுக்கான கருவி. பணித்தளம் செய்யும் வேலை வேறு. அதை நான்காகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, மூலம் ஒன்றே இருக்கும். உறுப்பினர் பட்டியலைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பட்டியல் ஆகிவிடும். எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. பணித்தளத்தில் பட்டியல் ஓரிடத்தில் இருக்கும், பத்துப் பேரும் அங்கே வந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது, திருத்திய வரலாறு நிற்கும். எந்த எண்ணை, எந்த நாளில், யார் கணக்கிலிருந்து மாற்றினார்கள் என்பது பதிவாகும். பழைய வடிவத்தைத் திரும்ப எடுக்கவும் முடியும்.

மூன்றாவது, அனுமதியை அளந்து கொடுக்கலாம். பொருளாளர் திருத்தலாம், தணிக்கையாளர் பார்க்க மட்டும் செய்யலாம், மற்றவர் கண்ணில் படாமலே வைக்கலாம். பதவி மாறும் நாளில் அனுமதியும் மாறும்.

நான்காவது, ஒரு தகவலை மற்றொன்றோடு இணைக்கலாம். உறுப்பினர், அவர் செலுத்திய சந்தா, அவருக்குக் கொடுத்த ரசீது, அவர் வந்த கூட்டம் ஆகிய நான்கையும் ஒரே எண்ணின் கீழ் கோத்துப் பார்க்கலாம்.

இந்த நான்கில் எதுவும் புலனத்தில் இல்லை. போதாக்குறைக்கு, 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ செய்திகள் தானாக அழியும் வசதியை யாராவது முடுக்கிவிட்டால், அதற்குப் பின் வரும் ரசீதின் படங்களும் சேர்ந்தே அழிந்துவிடும்.

பிரட்டுக் களத்து செக்ரோல்

தரவு மேலாண்மை என்ற சொல் புதியதாக இருக்கலாம். தோட்டப்புறத்துக்கு அந்த வேலை புதியதல்ல. விடியற்காலைப் பிரட்டில் மண்டோர் ஆளைக் கணக்கெடுப்பார். கிராணி அதை செக்ரோலில் ஏற்றுவார். பால் நிறுத்த எடையும் வெட்டிய குலையின் எண்ணிக்கையும் அதே வழியில் புத்தகத்துக்குப் போகும். மாதக் கடைசியில் சம்பளம் அந்தப் புத்தகத்திலிருந்துதான் பிறக்கும்.

அந்த முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தோட்டங்களை நடத்தியது. அதில் ஒரு குறை உண்டு. புத்தகத்தில் எழுதுகிறவர் ஒருவர், அதனால் பாதிக்கப்படுகிறவர் வேறொருவர். வேலை செய்த நாள் விடுபட்டுப் போயிருந்தாலும், எடை குறைத்து எழுதப்பட்டிருந்தாலும், தொழிலாளியின் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இன்று பல தோட்டங்களில் செக்ரோலின் இடத்தைக் கைப்பேசிச் செயலியும் விரல்ரேகைக் கருவியும் பிடித்து வருகின்றன. காகிதம் போய்த் திரை வந்ததால் மட்டும் பழைய குறை தீர்ந்துவிடாது. தன் பெயருக்கு நேரே என்ன பதிவாகியிருக்கிறது என்பதை அன்றன்றைக்கே தொழிலாளி தன் கைப்பேசியில் பார்க்க முடிந்தால், அது முன்னேற்றம். மேலாளர் மட்டும் பார்க்க முடிந்தால், அது கண்ணாடிக்குள் வைத்த பழைய செக்ரோல்தான். தளம் ஒன்றே. அனுமதியை யாருக்கு வழங்குகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஊழியர் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், அவை குறைந்தது ஆறு ஆண்டுகளுக்குப் பரிசோதனைக்குக் கிடைக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. கணினியில் வைத்தாலும் கடமை அதுவே. சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் மாதந்தோறும் படமெடுத்துத் தன்னிடமும் ஒரு படி வைத்துக்கொள்வது தொழிலாளிக்கு நல்லது. வேலை நின்ற பின் முதலாளியின் செயலி திறக்காது.

எக்செல் தாள் எங்கே கைவிடும்

பெரும்பாலான அமைப்புகள் புலனத்திலிருந்து அடுத்த படியாக எக்செல் தாளுக்குப் போகின்றன. சிறிய அளவில் அது போதும். எல்லை தெரியாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே சாட்சி. 2020 செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையே, கோவிட் தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டுப் போனார்கள். ஆய்வுக்கூடத் தகவலைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதே காரணம். அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. மேற்கொண்டு வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது.

உள்ளூர்ச் சங்கத்துக்கு 65,000 உறுப்பினர்கள் இருக்கப் போவதில்லை. இங்குள்ள சிக்கல் வேறு. தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது சுப்பிரமணியம் என்ற ஒருவரே மூன்று நான்கு விதமாகப் பதிவாகிவிடுவார். தகப்பன் பெயர் ஒரு பட்டியலில் முழுமையாகவும் மற்றொன்றில் ஓர் எழுத்தாகவும் இருக்கும். ஒருவரே மூவராகி, மூன்று சந்தா பாக்கி காட்டும். தேர்தல் நாளில் ஓட்டுரிமை தகராறாகும்.

தரவுத்தளம் இதற்குச் சொல்லும் வழி எளிது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாறாத ஓர் எண். பெயரை எப்படி எழுதினாலும் ஆள் அந்த எண்தான். இதற்கு அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணைப் பயன்படுத்துவது வசதிதான். ஆனால் அந்தப் பட்டியல் வெளியே கசிந்தால் ஆபத்து பெரிது. சங்கம் தானே வழங்கும் உறுப்பினர் எண்ணே போதுமானது.

தமிழ் ஆவணங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கூட்டக் குறிப்புகளை எந்தத் தளத்தில் ஏற்றினாலும் தேடி எடுக்க முடியாது. திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். கணினித் தமிழுக்கு முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றத் தெரிந்த தலைமுறை இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

ஆண்டறிக்கை முதல் வாரிசுப் பங்கு வரை

1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கங்களின் பதிவிலாகாவிடம் சமர்ப்பிக்க வேண்டும். பொறுப்பாளர் பட்டியல், கணக்கறிக்கை, கூட்டக் குறிப்பு எல்லாம் வேண்டும். இது இப்போது இணையம் வழியாகவே நடக்கிறது. பழைய செயலாளருக்கும் புதிய செயலாளருக்கும் பேச்சு இல்லாத சங்கங்களில் இந்த 60 நாட்கள் எப்படிப் போகும் என்பது ஊருக்கே தெரியும். கோப்பு கிடைக்கவில்லை, கடவுச்சொல் தெரியவில்லை என்ற காரணங்களைச் சட்டம் ஏற்காது. அறிக்கை தராத சங்கம் தன் பதிவையே இழக்க நேரலாம்.

ஆவணங்கள் பொது இடத்தில், பதவியின் பெயரில் இருந்தால், செயலாளர் மாறுவது சாவி கைமாறுவது போல ஆகிவிடும். பொருளாளர் ஒவ்வொரு ரசீதையும் அன்றே படமெடுத்து உரிய மாதத்தின் கோப்பில் போட்டால், ஆண்டுக் கடைசியில் தணிக்கையாளர் அட்டைப்பெட்டியைக் கிளற வேண்டியதில்லை. வரி தொடர்பான ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடைக்காரருக்கும் இதே கணக்குதான். வெயிலில் எழுத்து மங்கிப்போகும் ரசீதுத் தாளை விடப் படம் நீண்ட நாள் நிற்கும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது இன்னும் முக்கியம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அப்படிப்பட்ட அமைப்பில் ஒருவர் போட்ட பங்கு அவர் ஆயுளைத் தாண்டியும் நிற்கும். தாத்தா வாங்கிய பங்கைப் பேரன் கோரும்போது, பெயர், தோட்டம், பங்குச் சீட்டு எண் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு குடும்பத்தின் உரிமையை நிலைநாட்ட ஒரு பதிவு எஞ்சியிருக்க வேண்டும். தரவு மேலாண்மையின் உண்மையான பரீட்சை அதுதான்.

தளம் செய்யாதவை

தளம் நேர்மையைக் கொண்டுவராது. பொய்க் கணக்கை எழுதினால் பொய்க் கணக்கை அழகாகக் காட்டும். யார் எழுதினார் என்பதை மட்டும் மறைக்க விடாது. அதுவும், ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நுழையும்போதுதான். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் அந்தப் பயனும் போய்விடும்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்த பொறி. செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கோப்பகம் அவருடையது, சங்கத்தினுடையது அல்ல. இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. காலஞ்சென்ற தலைவரின் கணக்கில் உறங்கும் நூற்றாண்டு விழாப் படங்களுக்கும் அதே விதிதான்.

தமிழ்ப்பள்ளிகளில் இன்னொரு குழப்பம் வரக்கூடும். கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளத்தின் வழி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கணக்கு உண்டு. அது பாடத்துக்கும் பள்ளிப் பணிக்கும் உரியது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நன்கொடைக் கணக்கை ஓர் ஆசிரியரின் டெலிமா கணக்கில் வைத்தால், அவர் இடமாறியதும் சங்கம் அவரைத் தேடி அலைய வேண்டும்.

இலவசப் பதிப்புகளின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லாக்கின் இலவசப் பதிப்பு கடைசி 90 நாள் உரையாடலைத்தான் காட்டும். கூகுளின் இலவசக் கணக்கு 15 ஜிபி வரை கொள்ளும். திருவிழாக் காணொளிகள் நான்கைந்து ஏறினால் அதுவும் நிறைந்துவிடும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பதே ஓர் ஆபத்தும் ஆகும். நாட்டு மக்களின் சமூகப் பொருளாதார விவரங்களைத் திரட்ட 2024 ஜனவரி 2ஆம் தேதி அறிமுகமான பாடு முறையில், தொடக்க நாட்களிலேயே பாதுகாப்புக் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டு அவசரமாகத் திருத்தப்பட்டன. அரசாங்கத்துக்கே அப்படி என்றால், உறுப்பினர்களின் அடையாள அட்டைப் படங்களை இணைப்பு கிடைத்தவர் எல்லாம் பார்க்கும் கோப்பில் வைத்திருக்கும் சங்கம் என்ன சொல்லித் தப்பிக்கும்?

சட்டம் யாரைத் தொடும்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனையோடு தொடர்புடைய தகவல்களுக்கே அது பொருந்தும். வாடிக்கையாளர் பட்டியல் வைத்திருக்கும் கடை, கட்டணம் வாங்கும் டியூஷன் நிலையம், ஊழியர் விவரம் வைத்திருக்கும் நிறுவனம் ஆகியவை பொதுவாக இதற்குள் வரும். சந்தா மட்டும் வாங்கும் சிறு சங்கம் வெளியே நிற்கலாம். மண்டபத்தை வாடகைக்கு விடத் தொடங்கினால் அந்த வேலிக்குள் கால் வைக்கிறது.

புதிய திருத்தப்படி, சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெரும் பாதிப்பு தரக்கூடிய தகவல் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். விரல்ரேகை போன்ற உடல் அடையாளங்கள் இப்போது நுண்ணிய தகவல் என்ற வகையில் கூடுதல் பாதுகாப்பு பெறுகின்றன. 20,000 பேருக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கையாளும் அமைப்பு ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். சிறு அமைப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தன்னைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது என்று கேட்கும் உரிமை, சட்டத்துக்கு உட்பட்ட எந்த அமைப்பிடமும் தனிமனிதருக்கு உண்டு. விரல்ரேகை பதித்து வேலைக்குப் போகும் தொழிலாளிக்கும் அது உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டத்தின் அமலாக்கம் தள்ளிப்போனாலும், அதன் கோரிக்கை மாறவில்லை. செம்பனை விளைந்த நிலத்தின் இருப்பிடம் காட்டப்பட வேண்டும், நிலம் நான்கு ஹெக்டேரைத் தாண்டினால் எல்லைக் கோட்டையே வரைந்து தர வேண்டும். பெருந்தோட்ட நிறுவனங்களுக்கு அதற்கென ஆட்களும் மென்பொருளும் உண்டு. ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் பதிவு இல்லாத காரணத்தால் சந்தையின் ஓரத்துக்குத் தள்ளப்படக்கூடாது. கூட்டுறவு வழியாகப் பதிவைச் சேர்த்து வைப்பது அவருக்கு ஒரு வழி.

செலவும் வாய்ப்பும்

பதிவு பெற்ற இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டும் சலுகைத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. தகுதியைச் சரிபார்த்த பின்பே கிடைக்கும். அதற்கும் முறையான பதிவு ஆவணம் தேவை.

இத்துறையைத் தொலைதூரத்து விவகாரமாக நினைக்க வேண்டியதில்லை. இதே வகை மென்பொருள்களை உலகெங்கும் விற்கும் ஸோகோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. தென்காசி அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அதன் அலுவலகம் இயங்குகிறது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து வேலை தரும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. ஊர் சிறியது என்பது இந்த வேலைக்குத் தடையல்ல என்பதற்கு அது போதிய சான்று. எஸ்.பி.எம். முடித்து அடுத்தது என்ன என்று யோசிக்கும் தோட்டப்புற இளைஞர், தன் ஊர் ஆலயத்தின் உறுப்பினர் பட்டியலை ஒழுங்கான தரவுத்தளமாக மாற்றிக் காட்டினால், வேலைக்கான நேர்முகத்தில் சொல்வதற்கு அவரிடம் செய்து முடித்த ஒரு வேலை இருக்கும்.

எங்கே தொடங்குவது?

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. முதலில் நிர்வாகக் குழு உட்கார்ந்து சில முடிவுகளை எடுத்துக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கும், குறைந்தது இருவரிடம் நிர்வாக அனுமதி இருக்கும். எதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது எழுத்தில் இருக்கும். தேவையில்லாத தகவலை வாங்குவதில்லை. அடையாள அட்டைப் படம் அவசியமில்லை என்றால் கேட்பதே இல்லை. மாதம் ஒரு முறை எல்லாக் கோப்புகளின் படியும் வேறோர் இடத்தில், ஒரு விரலியிலாவது, சேமிக்கப்படும். பொறுப்பு மாறும் நாளில் சாவி, முத்திரை, வங்கிப் புத்தகத்தோடு இந்த அனுமதியும் கைமாறும்.

இவை முடிவான பின் ஒரே ஒரு பதிவேட்டை, உறுப்பினர் பட்டியலையோ ரசீதுக் கோப்பையோ, புதிய இடத்துக்கு மாற்றி மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். அதுவரை பழைய புத்தகமும் நடக்கட்டும். புலனக் குழுவை மூட வேண்டியதில்லை. அறிவிப்பும் பேச்சும் அங்கே தொடரலாம், முடிவும் கணக்கும் மட்டும் பதிவேட்டுக்கு வந்து சேர வேண்டும்.

செக்ரோல் காலத்தில் புத்தகம் கிராணியின் மேசையில் இருந்தது. இன்று அது சங்கச் செயலாளரின் கைப்பேசியிலும் முதலாளியின் செயலியிலும் இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, சங்கத்தின் பதிவேடு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க எத்தனை பேருக்கு உரிமை இருக்கிறது என்று கேட்டால், நிர்வாகத்திடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.